தண்ணீர் குடிக்கும் பல் அடைப்பு

சென்ற வருடம் ஆடித் திருவிழாவுக்காக உடப்புக்குச் சென்றிருந்தோம். புத்தளம் மாவட்டக் கரையில், ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்புமாக நீண்டு கிடக்கும் அவ்வூரிலேதான் எம் தமக்கையார் வாழ்க்கைப்பட்டிருக்கிறார். திரௌபதி அம்மன் கோவில் தீமிதிப்பு வந்துவிட்டால் அங்கே எந்த வீட்டிலும் படுக்க இடம் மிஞ்சுவதில்லை. திண்ணையில் பாதிப்பேர், முற்றத்தில் பாதிப்பேர். பேச்சும் சிரிப்பும் நள்ளிரவு வரை ஓய்வதில்லை. அத்தனை கலகலப்பிலும் ஒருத்தி மட்டும் வாய்விட்டுச் சிரிக்காதிருப்பதைக் கண்டோம். சிரிப்பு வரும்போதெல்லாம் அவள் வலக்கை தானாக எழுந்து மேலுதட்டை மறைத்தது. அவள் தமக்கையாரின் மகள், பாடசாலை ஆசிரியை, நாள்தோறும் நாற்பது பிள்ளைகள் முன் நின்று பேச வேண்டியவள்.

"என்ன பிள்ளை, பல்லுவலியா?" என்று கேட்டோம்.

"வலியில்லை மாமா, வெட்கந்தான்" என்று சொல்லிக் கையை எடுத்துக் காட்டினாள்.

மேல் வேட்டைப்பல்லின் அடியில், பல்லும் முரசும் கூடும் இடத்தில், ஒரு நெல்மணியளவு பழுப்பு மஞ்சளாகக் கறை தெரிந்தது. கதையையும் அவளே கூறினாள். சிறுவயது முதல் பல்லை அழுத்தித் தேய்க்கும் வழக்கத்தால் அவ்விடத்து முரசு மேலேறி, வேர் வெளியே தெரிந்தது. குளிர்ந்த நீர் பட்டால் கூசியது. கொழும்பிலே ஒரு பல் வைத்தியர் அப்பள்ளத்தை முரசின் நிறங்கொண்ட ஒரு பசையால் அடைத்து, நீல ஒளி காட்டி இறுகச் செய்தார். அன்று கண்ணாடியில் பார்த்தபோது அடைப்பு எது, முரசு எது என்று அவளுக்கே தெரியவில்லையாம். ஒரு வருடத்துக்குள் மஞ்சள் படர்ந்தது; பின்னர் பழுப்பேறியது.

"மலிவான மருந்தை வைத்து ஏமாற்றிவிட்டார் மாமா. விடுமுறை முடிவதற்குள் இதைத் தோண்டி எடுத்துவிட்டு வேறு வைத்துக்கொள்ளப் போகிறேன்" என்றாள்.

"தோண்டித் தோண்டி என்னத்துக்கு? பல்லையே பிடுங்கிவிட்டால் சரி" என்று தமக்கையார் வெற்றிலையை மடித்தவாறே தீர்ப்புக் கூறினார்.

நாம் கல்லூரியிலே இரசாயனம் கற்பிப்பவரேயன்றிப் பல் வைத்தியர் அல்லோம். ஆயினும் அந்த அடைப்பு எப்பொருளால் ஆயது என்பதை அறிவோம். அறிந்த அளவில், மகளின் முடிவும் தாயின் தீர்ப்பும் ஒருங்கே தவறு என்று பட்டது. மறுநாள் மாலை மருமகளைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றோம்.

கரையிலே படகுகள் வரிசையாக ஏற்றிவைக்கப்பட்டிருந்தன. முன்னாளில் மரத்தோணிகளும் வள்ளங்களும் நின்ற இடத்தில் இன்று பெரும்பாலும் நிற்பவை பைபர் படகுகள். அவற்றில் ஒன்றைத் தட்டிக்காட்டி, "உன் பல்லில் இருப்பது இதன் ஒன்றுவிட்ட தம்பி" என்றோம். அவள் நம்பவில்லை. ஆனால் உண்மை அதுவே. பைபர் படகென்பது கண்ணாடி இழைகளைப் பிசினில் தோய்த்து இறுகச் செய்தது. பல் அடைப்போ கண்ணாடியை மாவாக அரைத்து வேறொரு வகைப் பிசினிலே குழைத்து இறுகச் செய்தது. அடைப்பின் எடையில் நூற்றுக்கு 60 முதல் 80 பங்கு வரை கண்ணாடி போன்ற கடினமான துகள்களே, எஞ்சியது பிசின். பல் நிற அடைப்புக்கும் முரசு நிற அடைப்புக்கும் அடிப்படையில் வேற்றுமை இல்லை. சேர்க்கும் வர்ணப் பொடிதான் வேறு.

இப்பிசினுக்கு ஒரு வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கெட்டியாக்கிய இறப்பரால் பொய்ப்பல் கட்டத் தொடங்கினார்கள். அவ்விறப்பர் கருஞ்சிவப்பு அல்லது பழுப்பு நிறமானது. உயிருள்ள முரசைப் போல் தோன்றுவதில்லை. 1930களின் பிற்பகுதியில் அக்ரிலிக் வந்த பின்னரே முரசுக்கு ஒத்த இளஞ்சிவப்பு எளிதிலே கிட்டியது. ஆனால் அக்ரிலிக்கைக் கொண்டு பல்லின் குழியை அடைத்தபோது அது சுருங்கி, ஓரங்களில் நீர் கசிந்து, நிறமும் கெட்டது. அமெரிக்காவிலே ரஃபேல் போவன் என்ற ஆராய்ச்சியாளர் புதிய பிசின் ஒன்றை ஆக்கி, அதிலே கண்ணாடித் துகளைச் சேர்த்து, துகளும் பிசினும் பிடித்துக்கொள்ள இடையே ஓர் இரசாயனப் பாலமும் இட்டார். 1962ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இன்று உலகெங்கும் வைக்கப்படும் பல் நிற அடைப்புகளும் முரசு நிற அடைப்புகளும் பெரும்பாலும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

"அப்படியானால் இது கல்லைப் போல் இருக்க வேண்டும் அல்லவா? ஏன் கறை பிடிக்கிறது?" என்று மருமகள் கேட்டாள். நல்ல கேள்வி.

கண்ணாடி நீர் குடிப்பதில்லை, பிசின் குடிக்கும். பிசினின் மூலக்கூறுகளிலே நீரை விரும்பி இழுக்கும் பகுதிகள் உள்ளன. அவற்றினூடே நீர் சிறிது சிறிதாக உள்ளே புகுகிறது. முதல் வாரத்தில் விரைவாகக் குடிக்கும். பின்னர் வேகம் குறைந்து, சில வாரங்களிலோ மாதங்களிலோ தாகம் தணிந்து நிற்கும். எவ்வளவு குடிக்கிறது என்பதற்குச் சர்வதேச அளவுகோல் ஒன்று இருக்கிறது. 15 மில்லிமீற்றர் விட்டமும் 1 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள வட்டத் தகடாக அப்பொருளை வார்த்து, 37 பாகை வெப்பமுள்ள நீரிலே 7 நாட்கள் ஊறவிட்டு நிறுப்பார்கள். ஒரு கன மில்லிமீற்றருக்கு 40 மைக்கிரோகிராமுக்கு மேல் நீரை உறிஞ்சினால் அப்பொருள் தேறாது. கணக்கிட்டுப் பார்த்தால், அத்தகடு முழுவதும் சேர்ந்து 7 மில்லிகிராம் வரை நீர் குடிக்கலாம். அதாவது தன் எடையில் ஏறக்குறைய நூற்றுக்கு 2 பங்கு. அற்பந்தான், ஆனால் சுழியம் அன்று.

இந்த நீர் முழுவதும் கேடென்றும் எண்ண வேண்டாம். கரையில் காய்ந்த மரவள்ளத்தைத் தண்ணீரில் இறக்கினால் முதலில் பலகை இடுக்குகளால் நீர் ஒழுகும். பலகை ஊறிப் பருத்ததும் இடுக்கு அடைபட்டு ஒழுக்கு நிற்கும். இதனைக் கரையோர மக்கள் எவரும் அறிவர். பல் அடைப்பும் அவ்விதமே. ஒளி பட்டு இறுகும்போது அடைப்பு பருமனில் நூற்றுக்கு 2 அல்லது 3 பங்கு சுருங்குகிறது. பின்னர் உமிழ்நீரை உறிஞ்சிச் சற்றே பருக்கையில், சுருக்கத்தால் ஏற்பட்ட இழுவிசையில் ஒரு பகுதி தணிகிறது. ஆனால் அதே நீர் நாளடைவில் வேறொன்றும் செய்கிறது. பிசினை மெல்ல இளக்குகிறது. கண்ணாடித் துகளுக்கும் பிசினுக்கும் இடையிலான பாலத்தை அரிக்கிறது. தான் போன வழியாகச் சாயத்தையும் அழைத்துச் செல்கிறது. நெடுநாள் நீரில் கிடந்த பைபர் படகின் அடிப்புறத்திலே கொப்புளங்கள் எழுவதைக் கண்டிருப்பீர்கள். உறவினர் இருவருக்கும் நோய் ஒன்றே.

இனிச் சாயங்களைப் பார்ப்போம். எல்லாச் சாயமும் ஒரே விதமாகப் பற்றுவதில்லை. தேயிலைச் சாயம் பெரும்பாலும் அடைப்பின் மேற்பரப்பிலே படிகிறது. பல் துலக்கினால் பெரும்பகுதி போய்விடும். கோப்பியின் சாயம் மேலே படிவதோடு பிசினுக்குள்ளும் ஊடுருவுகிறது. இதனை 1991ல் வெளியான ஆராய்ச்சியொன்று எடுத்துக்காட்டியது. மஞ்சளோ இவ்விரண்டிலும் வல்லது. அதன் சாயமாகிய குர்க்குமின் நீரிலே அரிதாகவும் எண்ணெயிலே எளிதாகவும் கரைவது. ஆகவே எண்ணெய்க் குணமுள்ள பிசினுக்குள் தன் வீட்டுக்குள் நுழைவதுபோல் நுழைந்துவிடும். மஞ்சட்கறை பட்ட துணியை வெயிலிலே காயப்போட்டால் கறை வெளிறுவதைப் பெண்கள் அறிவர். பல்லை வெயிலில் காயப்போட முடியாதே! புளியும் மஞ்சளும் எண்ணெயும் இட்ட மீன்குழம்பை இருவேளை உண்ணும் கடற்கரை மக்களின் வாயிலே, இந்த அடைப்பு படும் பாட்டைச் சொல்லவும் வேண்டுமோ?

வெற்றிலையின் செய்கை வேறு விதமானது. பாக்கிலும் காசுக்கட்டியிலும் உள்ள துவர்ப்புப் பொருள்கள் சுண்ணாம்பின் காரத்தோடு சேர்ந்தே அந்தச் சிவப்பை உண்டாக்குகின்றன. அச்சாயம் பல்லின் மீதும் அடைப்பின் மீதும் அடையாகப் படியும். அன்றியும் காரம் பிசினின் பிணைப்புகளைச் சிதைக்க வல்லது. கறை ஒருபுறம் இருக்கட்டும். புகையிலை சேர்க்காத வெறும் பாக்குமே புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு வகுத்து, அம்முடிவை 2004ல் நூலாக வெளியிட்டது. தமக்கையாருக்கு இதை எத்தனையோ முறை சொல்லிவிட்டோம். இப்பத்தியில் மீண்டும் ஒருமுறை சொல்லி வைக்கிறோம்.

முரசு நிற அடைப்புக்கென்றே தனியான தொல்லைகளும் உள்ளன. அது இருக்குமிடம் முரசின் ஓரம். அழுக்குப் படலம் முதலில் கூடுவதும் அங்கேதான். தூரிகை நன்றாக எட்டாததும் அங்கேதான். முரசுக்கும் பல்லுக்கும் இடையிலிருந்து ஊறும் கசிவும் ஓயாமல் அதனை நனைக்கிறது. மேலும் முரசின் நிறம் எல்லோருக்கும் ஒன்றன்று. நம்மவர் பலருடைய முரசிலே தோலின் கருமை நிறப்பொருளே கலந்து, கருஞ்சிவப்பாகவும் திட்டுத் திட்டாகவும் இருக்கும். கடையில் வரும் பசைகளோ ஒருசில நிறங்களிலேயே வருகின்றன. திறமையான வைத்தியர் இரண்டு மூன்றைக் கலந்து ஒத்த நிறம் காண்கிறார். நூலிழையில் ஒத்துப்போகச் செய்த நிறம் சற்றே பிசகினாலும் கண் உடனே கண்டுவிடுகிறது. நிற வேற்றுமையை எண்ணால் அளக்கும் முறையொன்று 1976ல் சர்வதேச அளவில் வகுக்கப்பட்டது. பல் வைத்திய ஆய்வாளர் பலர் அம்முறையில் 3.3 வரையுள்ள வேற்றுமையை வாயிலே பொறுத்துக்கொள்ளலாம் என்று கொள்கின்றனர். மருமகளின் கறையை அளக்கக் கருவி தேவைப்படவில்லை.

இவ்வளவும் கேட்ட பின்னர் அவள், "அப்படியென்றால் தோண்டி எடுத்துப் புதிதாக வைப்பதுதானே முறை?" என்றாள். அதுதான் இல்லை என்றோம்.

பழைய அடைப்பை அகற்றும்போது அதன் எல்லையிலே வைத்தியரின் கருவி சரியாக நின்றுவிடுவதில்லை. அடைப்பு பல்லோடு ஒட்டியிருப்பதாலும் நிறத்தால் பிரித்தறிவது கடினமாதலாலும், நல்ல பல்லிலும் சிறிது போய்விடும். புதிய அடைப்பு முன்னையதைவிடப் பெரிதாகும். அதுவும் ஒருநாள் கறைபடும். மறுபடியும் தோண்டினால் குழி இன்னும் பெரிதாகும். பல்லின் கழுத்தோ மெல்லிய இடம். நரம்பும் தொலைவில் இல்லை. வெட்கத்துக்காக நான்கு முறை தோண்டிய பல், ஐந்தாம் முறை தமக்கையாரின் தீர்ப்புக்குத்தான் வந்து சேரும்.

ஆகையால் முதலில் அறிய வேண்டியது, கறை எங்கே இருக்கிறது என்பது. அது மூன்று இடங்களில் இருக்கலாம். மேற்பரப்பிலே படிந்த கறை ஒன்று. அதனை மெருகிட்டுப் போக்கலாம். அடைப்பின் உடலிலே ஊறிய கறை மற்றொன்று; அது முழுதும் போகாது. ஆனால் அதனால் பல்லுக்குத் தீங்கில்லை. மிகவும் உறுத்தினால் மேலே மெல்லிய ஒரு படையை மட்டும் அகற்றிப் புதிய படை பூசலாம். மூன்றாவது, அடைப்பின் ஓரத்தில் கோடு போல் ஓடும் கறுப்பு. இதுவே கவனிக்க வேண்டியது. அடைப்பு விலகி, உள்ளே நீரும் கிருமியும் போகின்றன என்பதற்கு அது அறிகுறியாகலாம். அடியிலே சூத்தை விழுந்திருக்கலாம். இம்மூன்றையும் வீட்டுக் கண்ணாடியில் பார்த்து நிச்சயிக்க முடியாது. வைத்தியர் உலர்த்தி, ஒளி காட்டி, கருவியால் தடவிப் பார்த்தே கூற வேண்டும்.

திருவிழா முடிந்ததும் அவளைச் சிலாபத்திலே எமக்குத் தெரிந்த பல் வைத்தியர் ஒருவரிடம் அழைத்துப் போனோம். அவர் காற்றூதி உலர்த்திப் பார்த்தார். ஓரம் முழுவதும் கருவியை ஓட்டினார். "ஓரம் நன்றாகத்தான் பிடித்திருக்கிறது. வைத்தவர் சரியாகவே வைத்திருக்கிறார்" என்றார். பின்னர் அவளை நோக்கி, "எதனால் பல் துலக்குகிறீர்கள்? வாய் கொப்பளிக்க ஏதாவது பாவிக்கிறீர்களா?" என்று கேட்டார்.

அவள் தயங்கித் தயங்கிக் கூறிய விடையை நாமும் அப்போதுதான் கேட்டோம். கறை தெரியத் தொடங்கியதும் பயந்து, கரித்தூள் வாங்கி, அதனோடு உப்பையும் சேர்த்து அவ்விடத்தையே காலையும் மாலையும் உரசித் தேய்த்திருக்கிறாள். மருந்துக்கடையிலே குளோர்ஹெக்சிடின் என்னும் கொப்பளிப்பு நீர் வாங்கி, யாரையும் கேட்காமல் மாதக்கணக்காகக் கொப்பளித்திருக்கிறாள். கொப்பளித்த கையோடு வெறுந்தேநீரும் குடித்திருக்கிறாள்.

வைத்தியர் கோபிக்கவில்லை. கரித்தூளும் உப்பும் அடைப்பின் மெருகைக் கீறிச் சொரசொரப்பாக்கிவிட்டன. சொரசொரப்பான இடத்திலே கறை இரட்டிப்பாகப் பிடிக்கும். அந்தக் கொப்பளிப்பு நீர் நல்ல மருந்துதான். ஆனால் வைத்தியர் குறித்த சில நாட்களுக்கு உரியது. நெடுநாள் பாவித்தால், தேநீரோடு சேர்ந்து அதுவே பழுப்புக் கறை உண்டாக்கும். இவற்றை நிதானமாக விளக்கினார். கறைக்குப் பயந்து அவள் செய்த ஒவ்வொன்றும் கறையையே வளர்த்திருக்கிறது. முரசு மேலேறியதற்குக் காரணமான அதே உரசலை, அடைப்பின் மீதும் நடத்தியிருக்கிறாள்.

பின்னர் நுண்ணிய தகடுகளாலும் பசையாலும் கால் மணி நேரம் மெருகிட்டார். பழுப்பு போயிற்று. அடியிலே மெல்லிய மஞ்சள் நிழல் ஒன்று நின்றது. "இது உள்ளே ஊறியது. இதற்காகத் தோண்டச் சொன்னால் நான் தோண்டமாட்டேன்" என்றார் அவர். கொழும்பு வைத்தியர் ஏமாற்றவில்லை என்பது தெளிவாயிற்று. இந்த அடைப்பு நீர் குடிக்கும், சாயம் பிடிக்கும், வருடந்தோறும் மெருகு வேண்டும் என்று அன்றைக்கே இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால், ஒரு பெண் மாதக்கணக்காக வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அது வைத்தியத்தின் குறையன்று, சொல்லாத குறை.

இத்தகைய அடைப்பு வைத்துக்கொள்ளும் அன்பர்களுக்குச் சில வார்த்தைகள் கூறி முடிக்கிறோம். வைக்கும் முன்னர், பல்லும் முரசும் ஈரமாக இருக்கும்போதே, கூடுமானால் பகல் வெளிச்சத்தில், நிறம் பார்க்கச் சொல்லுங்கள். உலர்ந்தால் நிறம் மாறித் தோன்றும். முடிவிலே மெருகிடாமல் எழுந்துவிடாதீர்கள். காற்றுப் பட்டு இறுகும் பிசினின் மேற்படை முற்றும் இறுகாது. அதனை நீக்காவிட்டால் கறைக்கு அதுவே வாசற்படி. முதல் இரண்டு நாட்கள் மஞ்சள், தேநீர், கோப்பி ஆகியவற்றைத் தள்ளி வையுங்கள். அடைப்பின் உள்ளே இறுகல் முற்றுப்பெறும் காலம் அது. பின்னர் எதை உண்டாலும் உடனே தண்ணீரால் வாய் கொப்பளியுங்கள். மென்மையான தூரிகை போதும்; கரியும் உப்பும் செங்கற்பொடியும் வேண்டாம். மதுசாரம் கலந்த கொப்பளிப்பு நீரும் பிசினை இளக்கும். கறை கண்டால் கண்ணாடியோடு போராடாமல் வைத்தியரிடம் செல்லுங்கள். சிலாபத்திலும் புத்தளத்திலும் அரசாங்க வைத்தியசாலைகளிலே பல் வைத்தியப் பிரிவு உண்டு. கறை என்ற ஒன்றுக்காக மட்டும் தோண்டச் சொல்லாதீர்கள்.

தைப்பொங்கலன்று மறுபடியும் உடப்புக்குப் போயிருந்தோம். பானை பொங்கியபோது பிள்ளைகளோடு சேர்ந்து மருமகளும் கூவிச் சிரித்தாள். கை மேலே எழவில்லை. தமக்கையார் அடுப்பண்டையிலிருந்து எட்டிப் பார்த்து, "கறை போயிற்றா?" என்று கேட்டார்.

"முக்கால்வாசி போயிற்று அம்மா. மிச்சம் என்னோடே இருக்கட்டும்" என்றாள் அவள்.